சட்டம் கேளுங்கோ: "திரும்பவும் தவணையாம்"

இந்த முறை வந்த கடிதங்களில கனக்க காணி வழக்குத் தவணை பற்றினது தான். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் எண்டு நாலு பக்கத்தில இருந்தும் ஒரே முறைப்பாடு: போறம், வழக்கைக் கூப்பிடுறாங்கள், அடுத்த திகதி சொல்லுறாங்கள், வாறம். அதால இந்த இதழ்ப் பக்கம் முழுக்க தவணைக்கே ஒதுக்கியிருக்கிறன். எழுதின ஆக்களின்ர பேர் வேண்டாம், ஊர் மட்டும் காணும்.

கேள்வி (மல்லாவி, ஒரு அம்மா): பிள்ளை, என்ர மனுசன்ர பேரில உறுதி, அதாவது எழுதிப் பதிஞ்ச காணிப் பத்திரம், உள்ள காணி, வயல். இடம்பெயர்ந்து போய், செட்டிகுளம் முகாமில இருந்து திரும்பி வந்து பாத்தால் பக்கத்துக் காணிக்காரர் எல்லையை உள்ளுக்கு இழுத்து விதைச்சுக்கொண்டு இருக்கிறார். வழக்குப் போட்டு வருசக்கணக்காப் போச்சு. விளக்கத்துக்கு, அதாவது சாட்சி கேட்டு விசாரிக்கிறதுக்குப் போடுற நாளெல்லாம் எதிராளி வருத்தம் எண்டு மெடிக்கல் சான்றிதழ் குடுக்கிறார், இல்லாட்டி அவற்ர லோயர் வரேல்லை எண்டு சொல்லுறாங்கள். எங்கட லோயரும் தலையாட்டிப்போட்டு வெளியில வந்து "அம்மா அடுத்த தவணைக்கு வாங்கோ" எண்டுறார். நானே எழும்பி ஜட்ஜ் ஐயாட்டச் சொல்லலாமோ? இப்பிடியே இழுபட்டால் காணி அவருக்குப் போயிடுமோ?

பதில்: அம்மா, உங்கட கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லுறன், ஏனெண்டால் அந்தப் பயத்தில தான் கனபேர் பாதி விலைக்கு சமாதானம் பேசி விட்டுட்டுப் போகினம். பத்து வருசம் எதிரா ஆண்டால் காணி சொந்தமாகும் எண்ட ஆட்சியுரிமைக் கதை 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டத்தில இருக்கிறது உண்மை தான். ஆனா அந்தப் பத்து வருசத்தை எண்ணுறது வழக்குப் போட்ட நாளுக்கு முந்தின காலத்தை வைச்சு. நீங்கள் வழக்குப் பதிஞ்ச பிறகு தவணை தவணையா ஓடுற வருசங்கள் அவற்ர கணக்கில சேராது. அதோட, 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு வந்தது, சண்டையால தங்கட உரிமையைக் கேக்க ஏலாமல் போன ஆக்களுக்காக 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருசத்தில சேர்க்காமல் விடுறதுக்கு. அதில ஒரு கட்டுப்பாடு, சட்டம் வந்து 2 வருசத்துக்குள்ள வழக்குப் போட்டிருக்க வேணும். உங்கட வழக்கு எந்தத் திகதியில பதிஞ்சது, அந்தச் சட்டத்தை வழக்கில சொல்லியிருக்கோ எண்டதை லோயரிட்ட நேரா கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ, அது உங்கட காணி.

இப்ப தவணைக்கு வருவம். எதிராளி கேட்டவுடன கோட்ஸ் தவணை குடுக்க வேணும் எண்டு சட்டத்தில இல்லை. 1889ஆம் ஆண்டு 2ஆம் இலக்க சிவில் நடைமுறைக் கோவை சொல்லுறது "போதிய காரணம்" இருந்தால் நீதிமன்றம் விளக்கத்தைத் தள்ளிப்போடலாம் எண்டு தான், அதுவும் செலவு கட்டச் சொல்லி, நிபந்தனை போட்டுத் தள்ளலாம். அப்ப காரணம் போதுமோ இல்லையோ எண்டு ஜட்ஜ் பாக்கிறது எப்ப? மற்றப் பக்கம் எழும்பி "எங்களுக்கு ஆட்சேபனை இருக்கு" எண்டு சொன்னால் தான். உங்கட லோயர் தலையாட்டினால் வழக்கேட்டில "ஆட்சேபனை இல்லை" எண்டு விழும், அதுக்குப் பிறகு ஜட்ஜ் ஏன் மறுக்கப் போறார், அண்டைக்கு அவருக்கு முன்னால ஒரு கட்டு வழக்கேடு கிடக்கு.

அதால ஒரு வேலை செய்யுங்கோ. பதிவாளர் காரியாலயத்தில விண்ணப்பம் குடுத்து, கட்டணம் கட்டி, உங்கட வழக்கேட்டில ஒவ்வொரு நாளும் எழுதின குறிப்புகளின்ர உறுதிப்படுத்திய பிரதியை எடுங்கோ. லோயர் மூலமா எடுக்கிறது லேசு. கையில வந்தவுடன மகனையோ மகளையோ பக்கத்தில வைச்சு வாசிக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொரு திகதிக்கும் கீழ ஆர் வந்தவை, ஆர் வரேல்லை, தவணை ஆர் கேட்டது, என்ன காரணம், அடுத்த திகதி என்னத்துக்கு எண்டு நாலைஞ்சு வரியில இருக்கும். அதை வாசிக்கேக்க தான் விளங்கும் எதிராளி எத்தினை தரம், கோட்ஸ் எத்தினை தரம், எங்கட பக்கம் எத்தினை தரம் தவணை எடுத்திருக்கு எண்டு. எங்கட பக்கமும் எடுத்திருக்கும், கனபேருக்கு அது தெரியிறதே இல்லை. லோயர் "இண்டைக்கு ஜட்ஜ் லீவு" எண்டு சொன்ன நாளுக்கு வழக்கேட்டில "வழக்காளி தரப்பு தவணை கோருகிறது" எண்டு இருந்தால், அதைக் கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு, கேக்கவும் வேணும். கட்சிக்காரருக்குச் சொல்லாமல் தவணைக்குச் சம்மதிக்கிறதை நான் பிழை எண்டு தான் சொல்லுவன், அது எந்தப் பெரிய சட்டத்தரணியா இருந்தாலும். மல்லாவியில இருந்து ரெண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு வந்த மனுசிக்கு ஒரு வார்த்தை முதலே சொல்ல வேணும்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். எங்கட பக்கத்து லோயர்மாருக்கு ஒரே நாளில கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் வழக்கு விழுறது நடக்கிற விசயம் தான். ஏ9 ரோட்டில ஓடி ஓடி ரெண்டுக்கும் நிக்க ஏலாது. அப்பிடியெண்டால் முதலே சொல்லி, ஜூனியர் ஒருத்தரைப் போட்டு விளக்கத்தை நடத்தலாம். அதைத் தான் நீங்கள் கேக்க வேணும்.

அடுத்த தவணைக்கு ஒரு கிழமை முன்னமே லோயருக்குப் போன் எடுத்து, வாட்ஸ்அப்பிலயும் எழுதி விடுங்கோ: இந்த முறை எதிராளி தவணை கேட்டால் ஆட்சேபிக்க வேணும், அப்பிடியும் குடுத்தால் எங்களுக்கு அண்டைய செலவு வேணும், இதுவே கடைசித் தவணை எண்டு வழக்கேட்டில எழுத வேணும். செலவு கேக்க எங்கட சனம் கூச்சப்படுகினம், "காசுக்கோ வந்தனாங்கள்" எண்டு. பஸ் காசு, லோயர் பீஸ், கூட்டிக்கொண்டு வந்த சாட்சிக்குச் சாப்பாடு எல்லாம் உங்கட கையில இருந்து போனது தானே. செலவு கட்ட வேண்டி வந்தால் சும்மா தவணை எடுக்கிற பழக்கம் தானா குறையும். சில வேளை எதிராளி தரப்பு "அடுத்த தவணைக்கு முன்னம் இவ்வளவு கட்டுறம், கட்டாட்டில் வழக்காளிக்குத் தீர்ப்பு" எண்டு ஒப்புக்கொண்டும் தவணை எடுக்கிறது உண்டு. அப்பிடி ஒப்புக்கொண்டு கட்டாமல் விட்டால் அவை தலையைக் குடுக்கினம்.

மெடிக்கல் விசயம்: சான்றிதழ் நீட்டினவுடன எல்லாம் முடிஞ்சுது எண்டில்லை. ஆர் குடுத்தது, என்ன வருத்தம், கோட்ஸுக்கு வர ஏலாத அளவோ, எந்தத் திகதிக்கு எண்டு உங்கட லோயர் வாங்கிப் பாக்கலாம், சந்தேகம் எண்டால் ஜட்ஜிட்டச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் விளக்கத்துக்கு முதல் நாள் தான் காய்ச்சல் வருது எண்டால் உங்கட கையில உள்ள வழக்கேட்டுப் பிரதியே அதைக் காட்டிக் குடுக்கும்.

நீங்களே எழும்பிப் பேசுறது பற்றி. லோயர் உங்களுக்காக புரொக்ஸி (உங்களுக்காக நிக்க நீங்கள் எழுதிக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) போட்டிருக்கும் வரைக்கும் அவர் மூலமாத் தான் பேசிறது முறை. ஆனா வழக்கைக் கூப்பிடேக்க முன்னால போய் நில்லுங்கோ, பின் வாங்கில ஒளிஞ்சு இருக்காதேங்கோ. ஜட்ஜ் கேட்டால் சொல்லுங்கோ. லோயர் சரிவரேல்லை எண்டால் கோட்ஸின்ர அனுமதியோட எழுத்தில புரொக்ஸியை இரத்துச் செய்து வேற ஆளை வைக்கலாம், அது உங்கட உரிமை. ஆனா விளக்க நாளண்டு லோயரை மாத்தாதேங்கோ, அதாலயே இன்னொரு தவணை போகும்.

இன்னும் ரெண்டு விசயம், இதுகளைக் கனபேர் கேக்கிறதே இல்லை. ஒண்டு, வழக்கு நடக்கேக்க எதிராளி காணியை விக்கப் பாப்பார், கொட்டில் போட்ட இடத்தில கல்வீடு கட்டப் பாப்பார். விக்கிறதுக்கு எதிரா, வழக்கு இருக்கு எண்டதைக் காணிப் பதிவகத்தில பதிய வேணும், அப்ப வாங்கிற ஆளும் உங்கட தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டி வரும். கட்டுறதுக்கு எதிரா இடைக்காலத் தடை உத்தரவு கேக்கலாம். மற்றது, உங்கட பழைய எல்லை தெரிஞ்ச ஆக்கள் இப்ப எத்தினை பேர் இருக்கினம்? அந்தப் பாலை மரத்தடியில இருந்து வாய்க்கால் மட்டும் எண்டு சொல்லக்கூடிய கிழவர் ஒருத்தர் இருந்தால், அவருக்கு வயசு போட்டுது, வருத்தம் எண்டு காட்டி, விளக்கம் தொடங்க முதலே அவற்ர சாட்சியத்தைப் பதியச் சொல்லி மனுப் போட சட்டத்தில இடம் இருக்கு. இதை உடன செய்யுங்கோ. வன்னியில கனக்க வழக்குகள் உறுதி இல்லாமல் தோத்ததை விட, உறுதியைச் சொல்ல ஆள் இல்லாமல் தான் தளர்ந்து போகுது எண்டு நான் நினைக்கிறன்.

கேள்வி (கனகராயன்குளம்): காலபோக அரிவி வெட்டு நேரத்தில சரியா வழக்குத் தவணை விழுந்திருக்கு. வெட்டு மிசின் கிடைக்கிறதே பெரிய பாடு. நான் போகாட்டில் என்ன?

பதில்: போகாமல் விடுற எண்ணத்தை விட்டிடுங்கோ தம்பி. தேவையெண்டால் இப்பவே லோயரைக் கொண்டு மோஷன், அதாவது திகதியை மாத்தக் கேக்கிற எழுத்து விண்ணப்பம், போடுங்கோ, எதிர்த்தரப்புக்கும் அறிவிச்சு. அண்டைக்கு காலம லோயருக்குப் போன் எடுத்து "அண்ணை ஒரு தவணை எடுங்கோ" எண்டுறதையும், ஒரு மாதம் முதலே காரணத்தோட கேக்கிறதையும் ஜட்ஜ் ஒரே கண்ணால பாக்கப் போறதில்லை. சாட்சிக்காரரும் வீணா வந்து போக மாட்டினம். இன்னொண்டு, சட்டம் தவணையைப் பின்னுக்குத் தள்ள மட்டும் சொல்லேல்லை, முன்னுக்குக் கொண்டு வரவும் கேக்கலாம். ஒருத்தரும் கேக்கிறதில்லை. வெட்டுக்கு முதல் கிழமை கோட்ஸுக்கு நேரம் இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கோ. ஏப்பிரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில கோட்ஸ் விடுமுறை வாறதையும் நினைவில வைச்சுத் திகதி எடுங்கோ.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அக்கா, நான் வழக்காளி. பஸ் இடையில பழுதாகி முல்லைத்தீவுக் கோட்ஸுக்குப் போய்ச் சேர வழக்கைக் கூப்பிட்டு முடிஞ்சுது. லோயரும் அண்டைக்கு வரேல்லை. வழக்கைத் தள்ளுபடி செய்து போட்டினம். புதுசா வழக்குப் போடலாமோ?

பதில்: இல்லை தம்பி, அதே விசயத்துக்குப் புதுசா வழக்குப் போட ஏலாது. சிவில் நடைமுறைக் கோவையின்ர 87ஆம் பிரிவு அப்பிடித் தான் சொல்லுது. செய்யக்கூடியது அதே நீதிமன்றத்தில, அதே வழக்கில, வராமல் போனதுக்கு நியாயமான காரணம் இருக்கு எண்டு சத்தியக் கடதாசியோட மனுப் போடுறது. சட்டம் "நியாயமான காலத்துக்குள்ள" எண்டு தான் சொல்லுது, நாள்க்கணக்குப் போடேல்லை, அதை ஆறுதலாப் போடலாம் எண்டு எடுத்துப்போடாதேங்கோ. இண்டைக்கே போங்கோ. பஸ் டிக்கற்று இருக்கோ, அதே பஸ்ஸில வந்த வேற ஆர் சொல்லுவினம், டிப்போவில பழுது பதிஞ்சிருக்கோ, எல்லாத்தையும் சேருங்கோ. வெறும் வாய்க்கதை காணாது.

கோட்ஸ் நடக்கிற விதம் தெரியாமலும் கனபேர் இப்பிடி மாட்டுப்படுகினம். காலம ஜட்ஜ் வாங்கிலில ஏறின உடன அண்டைய வழக்குகளை வரிசையாக் கூப்பிடத் தொடங்குவினம். முதலியார் எண்டு சொல்லுற கோட்ஸ் உத்தியோகத்தர் வாசலில நிண்டு பேரைச் சத்தமாக் கூப்பிடுவார், ஆள் வரேல்லை எண்டால் திருப்பிக் கூப்பிடுவார், அவ்வளவு தான். நீங்கள் அந்த நேரம் முன்னால உள்ள கடையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டாலும், போட்டோக்கொப்பி எடுக்கப் போயிருந்தாலும், கோட்ஸைப் பொறுத்தவரைக்கும் நீங்கள் வரேல்லை. லோயர் வந்து நிண்டு வழக்கை நடத்தினால் நீங்கள் வந்த மாதிரி. ஆனா லோயர் எழும்பி "எனக்கு அறிவுறுத்தல் இல்லை" எண்டால் அவர் வந்தும் வராத மாதிரி. வழக்கு நாளண்டு முதல் பஸ்ஸைப் பிடியுங்கோ, ஏலுமெண்டால் முதல் நாள் சொந்தக்காரர் வீட்டில வந்து படுங்கோ.

பங்கீட்டு வழக்கு, அதாவது கனபேருக்குச் சொந்தமான காணியைப் பிரிச்சுக் கேக்கிற வழக்கு எண்டால் கதை கொஞ்சம் வேற. 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தில வழக்காளி அக்கறையில்லாமல் விட்டால், எதிராளிகளில ஒருத்தரை வழக்காளியா மாத்தி நடத்தக் கோட்ஸுக்கு இடம் இருக்கு. அதுக்காக அங்கையும் வீட்டில நிக்கலாம் எண்டில்லை.

கேள்வி (வவுனியா): அண்ணை கனடாவில. அவருக்கு எதிரா போட்ட வழக்கு, நாங்கள் தவணை தானே எண்டு ஒரு நாள் போகேல்லை. எக்ஸ்பாட்டியா, எங்கட பக்கம் இல்லாமலே, தீர்ப்பு வந்திட்டுதாம். அப்பீல் போடலாமோ?

பதில்: தங்கச்சி, தவறினதால வந்த தீர்ப்புக்கு நேரா அப்பீல் இல்லை. அந்தத் தீர்ப்பின்ர கட்டளை உங்கட அண்ணைக்குச் சேர்ப்பிக்கப்பட்ட நாளில இருந்து 14 நாளுக்குள்ள, அதே நீதிமன்றத்தில, வழக்காளிக்கு அறிவிச்சு, வராததுக்கு நியாயமான காரணம் இருக்கு எண்டு மனுப் போட வேணும். இது சிவில் நடைமுறைக் கோவையின்ர 86ஆம் பிரிவு. கோட்ஸுக்குத் திருப்தி எண்டால் தீர்ப்பை நீக்கி வழக்கைத் திரும்ப நடத்தும். அந்த மனுவில வாற முடிவுக்கு அப்பீல் இருக்கு.

14 நாள் எண்டது பிஸ்கால் (கோட்ஸ் கடதாசிகளைக் கொண்டுவந்து குடுக்கிற உத்தியோகத்தர்) கட்டளையைக் கொண்டுவந்து குடுத்த நாளில இருந்து. கன வீடுகளில நடக்கிறது என்னெண்டால், பிஸ்கால் வர வீட்டில இருந்த மாமி வாங்கி சாமித்தட்டில வைச்சிட்டு, ஒரு மாதம் கழிச்சுத் தான் கனடாவுக்குப் போன் போகும். ஆருக்கு, எங்க, எப்பிடிச் சேர்ப்பிச்சது எண்டதை முதல்ல பாருங்கோ, அதைச் சரியாச் செய்யேல்லை எண்டால் அதுவும் சொல்லக்கூடிய விசயம். கட்டளை இன்னும் வரேல்லை எண்டால் வழக்கேட்டில என்ன எழுதியிருக்கு எண்டு இண்டைக்கே பாக்க வேணும். தீர்ப்பு எழுத முதல் தெரிய வந்திருந்தால், வழக்காளி சம்மதிச்சால் அப்பவே எக்ஸ்பாட்டி உத்தரவை நீக்கலாம், வழக்காளி சம்மதிக்காட்டில் ஏலாது. அண்ணை வெளிநாட்டில எண்டதால அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக நடக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் குடுக்கிற பத்திரம், சரியா எழுதிப் பதிஞ்சு இங்க ஒருத்தரிட்ட குடுத்திருக்க வேணும். "அண்ணை சொன்னவர்" எண்டு போய் நிண்டால் கோட்ஸ் கேக்காது.

கேள்வி (பரந்தன்): சாட்சியெல்லாம் பாதி முடிய ஜட்ஜ் மாறிப்போனார். இனி முதல்ல இருந்தோ?

பதில்: அப்பிடியில்லை. 1978ஆம் ஆண்டு 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, பதிஞ்ச சாட்சியத்தை எடுத்துக்கொண்டு புது நீதிபதி விட்ட இடத்தில இருந்து தொடர இடம் குடுக்குது. தேவையெண்டு அவர் நினைச்சால் சாட்சியைத் திரும்பக் கூப்பிடலாம். உங்கட லோயர் முதல் நாளே "முந்தின சாட்சியத்தை ஏற்றுத் தொடருவம்" எண்டு சொல்ல வேணும், எதிர்த்தரப்பும் சம்மதிச்சால் அண்டைக்கே அடுத்த சாட்சிக்குப் போகலாம்.

கேள்வி (நெடுங்கேணி): நேற்று வரைக்கும் ஆண்ட காணியில ஆள் புகுந்திட்டுது. சிவில் வழக்குப் போட்டால் இப்பிடி இழுபடும் எண்டு பயமா இருக்கு.

பதில்: அப்ப உடன பொலிசில முறைப்பாடு குடுங்கோ. சமாதானம் குலையும் எண்ட நிலை இருந்தால் 1979ஆம் ஆண்டு 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம், பொலிஸ் போடாட்டில் நீங்களே போடலாம். 2 மாதத்துக்குள்ள உங்களை வெளியேத்தினது எண்டு காட்டினால் ஆட்சியைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவு வரலாம். விசாரணையைத் தொடங்கினதில இருந்து 3 மாதத்துக்குள்ள முடிக்க வேணும் எண்டு சட்டம் சொல்லுது, பெரும்பாலும் சத்தியக் கடதாசியில தான் போகும், சிவில் விளக்கம் மாதிரி இல்லை. ஆனா அது ஆட்சியை மட்டும் தான் பாக்கும், காணி ஆருக்குச் சொந்தம் எண்டதை மாவட்ட நீதிமன்றம் தான் சொல்லும். அந்த 2 மாதத்தை இணக்க சபை, ஊர்ப்பெரியவர், சொந்தக்காரர் எண்டு பேசிப் பேசி விட்டிட்டால் இந்த வழி அடைபட்டிடும். பேசுங்கோ, ஆனா கலண்டரில நாளைக் குறிச்சு வைச்சுக்கொண்டு பேசுங்கோ. லோயருக்குக் காசில்லை எண்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின்ர கிளைக்குப் போங்கோ, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அவை வழக்கு நடத்தித் தருவினம்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): பங்கீட்டு வழக்கில பெரியப்பா செத்துப் போனார், இப்ப அதால தவணை தவணையாப் போகுது.

பதில்: செத்த ஆளின்ர இடத்துக்கு வேற ஆளைப் போடாமல் வழக்கு நகராது, அதுக்குப் பிள்ளைகள் ஆர் ஆர், எந்த நாட்டில எண்டு தேடி அறிவித்தல் அனுப்பவே மாதக்கணக்காகும். பிரான்சில ஒண்டு, லண்டனில ஒண்டு, முகவரி தெரியாதது ஒண்டு எண்டு தான் எங்கட குடும்பங்கள் இப்ப இருக்கு. பங்கீட்டுச் சட்டத்தின் 81ஆம் பிரிவில இதுக்கு முதலே வழி வைச்சிருக்கு. வழக்கில உள்ள ஒவ்வொருத்தரும், தான் இடையில இறந்தால் தன்ர இடத்தில ஆர் நிக்கிறது எண்டு ஒருத்தரில இருந்து மூண்டு பேர் வரைக்கும் பேர் எழுதி நீதிமன்றத்தில குடுக்க வேணும். கன வழக்கேடுகளில அந்தப் படிவம் இருக்காது. முதல்ல பெரியப்பா அப்பிடிக் குடுத்தவரோ எண்டு வழக்கேட்டில பாருங்கோ, குடுத்திருந்தால் பேர் எழுதின ஆளை உடன சேர்க்கலாம். இல்லையெண்டால் பெரியப்பாவின்ர பிள்ளைகள் எல்லாரிட்டயும் முகவரி வாங்கி ஒரே மோஷனில குடுங்கோ, ஒவ்வொருத்தராத் தேடித் தேடி ஒவ்வொரு தவணை எடுக்காமல். மிச்சம் உயிரோட இருக்கிற பெரியாக்களிட்ட அந்தப் படிவத்தை இந்தத் தவணைக்கே கையெழுத்து வாங்கிப் போடுங்கோ.